காப்புக் கட்டிய துரையும் கடைமடைத் தண்ணீரும்

செல்விக்கும் முருகேசுக்கும் அப்பா எழுதுவது.

போன தீபாவளியன்று இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் இட்லி கல்லாகிப் போனதுதான் மிச்சம். வெளிநாட்டுக்காரன் பணமும் அறிவும் கொண்டு வந்தால்தான் ஒரு சீமை முன்னேறும் என்றான் முருகேசு. வருகிறவன் இருக்கிறதையும் குழப்பிவிட்டுத்தான் போவான் என்றாள் செல்வி. கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் சட்னியைப் பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் உங்களிடம் வாய் கொடுத்து மீள முடியாது. எழுத்தில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

உலகத்து நாடுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரே ஒரு கால்வாயைத் தெரியும். அந்தக் கால்வாய்க்குத் தொண்ணூறுகளில் வெளிநாடு வந்தது. சில வருஷம் இருந்தது. பிறகு எங்களைப் பாராட்டிவிட்டுப் போனது. நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு முருகேசு ஒரு தடவை "ஆபீசர்" என்று சொல்லிவிட்டு வந்தான். நான் லஸ்கர். தாமிரபரணியில் ஓர் அணைக்கட்டிலிருந்து பிரிகிற கால்வாயில் மடைகளைத் திறப்பதும் மூடுவதும், கரை உடையாமல் பார்ப்பதும் என் வேலை. எனக்கு முன்னால் இருந்த லஸ்கர் என்னை ஒரு வாரம் கரையில் நடக்கவிட்டார். "சொன்ன மடையைத் திற. எந்த ஊர்ல சாப்பிடக் கூப்பிட்டாலும் கை நனைக்காதே." அதோடு பயிற்சி முடிந்தது.

கால்வாயில் இரண்டு ஊர் முக்கியம். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பது தலைமடை ஊர். வாழையும் நெல்லும் எப்போதும் பச்சையாக நிற்கும். கால்வாய் முடிகிற இடத்தில் இருப்பது கடைமடை ஊர். வாரத்தில் நாலு நாள் தலைமடைக்குத் தண்ணீர். மீதி மூன்று நாள் தலைமடை மடைகளை எல்லாம் மூடித் தண்ணீரைக் கீழே விட வேண்டும். இதற்கு முறை என்று பெயர். முறை காகிதத்தில் ஓடும், தண்ணீர் தலைமடையில் நிற்கும். மரப்பலகை மடை இருந்த காலத்தில் நான் பலகையைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அடியில் கல்லைச் செருகித் தண்ணீருக்கு வழி விட்டுவிடுவார்கள். ஆகவே அந்தக் காலம் தங்கமான காலம், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று நான் சொல்லப்போவதில்லை. கெடுப்பதற்கு எங்களுக்கு வெளியாள் தேவைப்பட்டதே இல்லை.

எங்கள் பிரிவுக்கு உதவிப் பொறியாளர் சபாபதி சார். சைவக் குடும்பம். காலையில் ஆபீசுக்கு வரும்போது நெற்றியில் மூன்று கோடு திருநீறு அச்சடித்ததுபோல இருக்கும். சாயங்காலமும் அப்படியே இருக்கும். அவர் வெயிலில் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என் கண்ணறிய அவர் ஓர் உத்தரவு போட்டது கிடையாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்த மூணாம் மடை மூடியிருந்தா பாக்க நல்லாருக்கும், என்னவே?" என்பார். நான் போய் மூடுவேன். யாராவது அரிவாளும் கையுமாகச் சண்டைக்கு வந்தால், "நான் எங்கவே மூடச் சொன்னேன்? பாக்க நல்லாருக்கும்னுல்லா சொன்னேன்" என்பார். அப்படிப் பேசியே அவர் எந்த வழக்கிலும் மாட்டாமல் பென்ஷன் வாங்கினார்.

இப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டுப் பாங்கி ஒன்றின் திட்டம் எங்கள் கால்வாய்க்கு வந்தது. மரப்பலகைக்குப் பதில் இரும்பு ஷட்டர். திருகி ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி, அது என் பொறுப்பில். கரைக்குச் சிமெண்டுப் பூச்சு. விவசாயிகளுக்கு ஒரு சங்கம். இதையெல்லாம் மேற்பார்க்க ஒரு வெள்ளைக்காரர். பெயர் பீட்டர். எந்த நாட்டுக்காரர் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. துரை என்றே சொன்னோம். நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெயிலில் சிவந்து போய்க் கரையெல்லாம் நடப்பார். எதைக் கேட்டாலும் நம்புவார். அந்த இரண்டாவது குணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

முதல் கூட்டம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தது. மக்களே தங்கள் கால்வாயைத் தரையில் கோலப்பொடியால் வரைய வேண்டும் என்றார் துரை. அவர் பேச்சைத் தமிழில் சொல்ல மெட்ராசிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பொடியைக் கையில் வாங்கியவர் வைகுண்டம் அண்ணாச்சி. தலைமடையில் பாதி நிலம் அவருடையது. மீதிப் பாதி அவருக்குப் பயந்தவர்களுடையது. தன் வயலை, தன் வாழைத்தோட்டத்தை, தன் களத்தை எல்லாம் சாவகாசமாக வரைந்தார். பார்த்துக்கொண்டே இருந்தோம், கால்வாய் அவர் தோட்டத்தோடு நின்றுபோனது.

கூட்டத்தில் கடைமடையிலிருந்து இசக்கியம்மாள் வந்திருந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே உழவோட்டிப் பிழைத்தவள். அவள் எழுந்து கேட்டாள்:

"எங்க ஊரு எங்கன அண்ணாச்சி?"

"பொடி தீந்துட்டு தாயி" என்றார் அண்ணாச்சி.

கூட்டம் சிரித்தது. துரை என்னவென்று கேட்டார். அந்தப் பெண் ஏதோ சொன்னாள். துரை மிகவும் அக்கறையோடு குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்கு ஒரு மூட்டை கோலப்பொடி வந்து இறங்கியது.

சங்கத்துக்கு அண்ணாச்சியே தலைவர். சிமெண்டுப் பூச்சு வேலை அவருடைய மச்சினனுக்குப் போனது. பூச்சு அணைக்கட்டில் தொடங்கி வழுவழுவென்று வந்து, அண்ணாச்சி தோட்டம் முடிகிற இடத்தில் முடிந்தது. பொடிக்கு வந்த கதி சிமெண்டுக்கும் வந்தது.

ஆனால் துரை ஒரு காரியம் செய்திருந்தார். கடைமடை மடையின் ஓரத்தில் வெள்ளையடித்து, கறுப்பில் எண் எழுதி ஓர் அளவுக்கல் நட்டுவைத்தார். எப்போது வந்தாலும் நேரே அங்கே போய், முழங்காலில் உட்கார்ந்து, தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பார். மற்ற எதைப் பற்றி யார் கதை சொன்னாலும் நம்புகிறவர், கடைமடையில் தண்ணீர் உண்டா என்பதை மட்டும் தன் கண்ணால் பார்த்துத்தான் நம்புவார். அங்கே ஈரம் இருந்தால்தான் திட்டத்தின் அடுத்த கட்டம் வரும்.

ஆகவே துரை வருகிற சேதி வந்ததும் சபாபதி சார் ஜன்னலைப் பார்ப்பார். "அளவுக்கல்லு நனைஞ்சிருந்தா நல்லாருக்கும்." நான் சைக்கிளில் போய்த் தலைமடை ஷட்டர்களை எல்லாம் இறக்குவேன். தண்ணீர் கால்வாயில் நடந்து மறுநாள் கடைமடைக்குப் போய்ச் சேரும். அடுத்த கட்ட வேலையும் மச்சினனுக்கு வர வேண்டுமே என்று அண்ணாச்சியும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார். துரை பார்ப்பார், மகிழ்வார், ஜீப்பில் ஏறுவார். ஜீப் திரும்பியதும் நான் ஷட்டர்களை ஏற்றிவிடுவேன்.

கடைமடைக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. நான் எப்போது கரையில் போனாலும் இசக்கியம்மாள் வரப்பிலிருந்து கேட்பாள்.

"லஸ்கரு அண்ணாச்சி, துரை எப்ப வாராரு?"

"மழை எப்ப வரும்னு கேக்க மாதிரில்லா கேக்க."

"மழை சொல்லாமக்கொள்ளாம வந்துரும். தண்ணிதான் ஜீப்புல வருது."

இப்போது அந்த ஆவணி மாதத்துக்கு வருகிறேன். கார் பருவம். இசக்கியம்மாள் வயலில் பயிர் பொதிகட்டி, கதிர் வெளிவருகிற பருவத்தில் நின்றது. அந்த நேரத்தில் வயலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்காவிட்டால், கதிர் வெளியே வந்தாலும் உள்ளே மணி இருக்காது, பதர்தான். போன பிசானப் போகமும் அவளுக்குப் பொய்த்திருந்தது. இந்தக் காரும் போனால் நிலத்தைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று பாளையங்கோட்டையில் இருந்த நிலத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சூளைக்கு மண் வெட்டிய நிலத்தில் பிறகு யார் நடுவது? அவளுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

துரை வருகிறார் என்றார்கள். நான் ஷட்டரை இறக்கினேன். துரையின் ஜீப்பும் தண்ணீரும் ஒரே காலையில் கடைமடைக்கு வந்து சேர்ந்தன. தண்ணீர் மடை வாசலுக்கு வந்து அளவுக்கல்லை நனைத்திருந்தது, வயலுக்குள் இன்னும் ஏறவில்லை. சபாபதி சார் என் பக்கத்தில் வந்து, ஆற்றுத் திசையைப் பார்த்துக்கொண்டு, "ஜீப்பு திரும்பினதும் மேல மடையெல்லாம் தொறந்திருந்தா அண்ணாச்சி சந்தோசப்படுவாரு" என்றார். நான் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு அந்த ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் மூன்று நாள் கொடைத் திருவிழா தொடக்கம். கோயில் மடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மேளச் சத்தம் கேட்டதும் துரை, பார்க்கலாமா என்றார். சார் வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இழுத்தார். அதற்குள் துரை செருப்பைக் கழற்றிவிட்டார்.

உள்ளே சாமியாடி பேச்சிமுத்து காப்புக் கட்டிக்கொண்டிருந்தான். இசக்கியம்மாளின் கொழுந்தன் அவன். அவனுக்கும் அங்கே காய்கிற வயல் உண்டு. காப்பு உங்களுக்குத் தெரியும், மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. கட்டியவர் கொடை முடிந்து அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இசக்கியம்மாள் கொழுந்தன் காதில் ஏதோ சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான், மடையைப் பார்த்தான், துரையைப் பார்த்தான். பிறகு இன்னொரு கயிற்றில் மஞ்சளைத் தடவிக்கொண்டு எழுந்து வந்தான்.

"துரைக்கு ஊர் மரியாதை."

மாலைக்குப் பதில் கயிறு போலிருக்கிறது என்று சார் சும்மா இருந்துவிட்டார். துரை சின்னப் பிள்ளைபோலக் கையை நீட்டினார். கயிறு கட்டி முடிந்ததும் மேளக்காரர்கள் வாங்கின கூலிக்கு மேலே அடித்தார்கள்.

துரை ஜீப்புக்கு வந்தபோது பேச்சிமுத்து முன்னால் வந்து நின்றான்.

"எங்க போறாரு?"

"திருநெல்வேலிக்குலே. வழிய விடு" என்றார் சார்.

"காப்புக் கட்டினவரு எல்லை தாண்டப்படாதுல்லா."

"ஏலே, அவரு வெளிநாட்டுக்காரருலே!"

"மாடன் என்ன, பாஸ்போட்டா பாக்காரு?"

"வெளையாடுதியா? அவுருலே அத."

"அவுக்கலாம். சாரே ஒங்க கையால அவுத்திருங்க. பொறவு எது வந்தாலும் எங்களக் கேக்கப்படாது."

சார் கை துரையின் மணிக்கட்டுவரை போனது. அங்கேயே நின்றது. "நமக்கு இந்தச் சாமியெல்லாம் கெடையாது... இருந்தாலும்..." என்று சொல்லிக்கொண்டே அந்தக் கை திரும்பி வந்து தன் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டது. வேலையில் அவர் நேரடியாகச் செய்ய வேண்டி வந்த ஒரே காரியம் அது. அதையும் செய்யவில்லை.

சங்கத் தலைவர் வந்து சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார். அண்ணாச்சி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். வந்தவர் கயிற்றைப் பார்த்தார், நிறைந்து ஓடுகிற கால்வாயைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் பாருங்கள், அந்த மாடன்தான் அண்ணாச்சிக்கும் குலசாமி. மூன்று தலைமுறையாக அங்கே கிடா வெட்டுகிற குடும்பம்.

இசக்கியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, பெரியவுக நீங்க. அவுத்திருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அவுத்திருவோம்."

அண்ணாச்சி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"சாமி காரியம். நான் என்னத்தச் சொல்ல."

இத்தனைக்கும் நடுவில் துரை, என்ன தகராறு என்று கேட்டார். மெட்ராஸ் பெண் விளக்கிச் சொன்னாள்: இந்த ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது, ஆனால் மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும். துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. மக்களோடு மக்களாகத் தங்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாக ஆசைப்பட்டாராம்.

தங்கினார். பள்ளிக்கூடத்தில் நார்க்கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கவிச்சி இல்லாத சோறும் ரசமும் சாப்பிட்டார். விடிந்ததும் வாயில் பிரஷ்ஷோடு மடைக்கு வந்து, முழங்காலில் உட்கார்ந்து அளவுக்கல்லைப் பார்த்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். நானும் உயர்த்துவேன். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. துரையைத் தனியாக விட்டுப் போக முடியாமல் சபாபதி சாரும் அங்கேயே கிடந்தார். அவர் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்ததை அந்த மூன்று நாளில்தான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏ லஸ்கரு, ஒரே ஒரு ஷட்டர பைய ஏத்தி விடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"அளவுக்கல்லுல ஒரு விரக்கடை எறங்கினாலும் ஏன்னு கேப்பாரு அண்ணாச்சி. நேரா கரையிலயே நடந்து மேல வந்திருவாரு."

"எல்லை தாண்டப்படாதுல்லா?"

"அத நீங்களே வந்து அவருட்ட சொல்லுங்க."

அண்ணாச்சி காறித் துப்பிவிட்டுப் போனார்.

தண்ணீர் மடை ஏறியது. வாய்க்காலில் ஓடியது. கடைசி வரப்புவரை போய் நின்றது. வெடித்துக் கிடந்த வயல் தொளி சேறாகி மூடிக்கொண்டது. இசக்கியம்மாள் மேளத்துக்கும் போகவில்லை, பொங்கலுக்கும் போகவில்லை. மண்வெட்டியோடு மூன்று நாளும் வயலிலேயே நின்றாள்.

மூன்றாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். துரை கண் கலங்கிவிட்டார். ஊரார் முன்னால் பேசினார். அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "நான் மூன்று நாள் இங்கேயே இருந்து பார்த்தேன். ஒரு வேளைகூடத் தண்ணீர் குறையவில்லை. இந்தத் திட்டம் வெற்றி பெற்றுவிட்டது. இனி நாங்கள் வந்து பார்க்கத் தேவையில்லை. எல்லாவற்றையும் சங்கத்திடமே ஒப்படைத்துவிடச் சொல்லப்போகிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். முதல் ஆளாகத் தட்டியவர் வைகுண்டம் அண்ணாச்சி.

இசக்கியம்மாள் என்னிடம் வந்தாள். "இனும வர மாட்டாராமா?"

"மாட்டாராம்."

"ஏன்? நாம என்ன கொறை வச்சோம்?"

"கொறை ஒண்ணும் இல்லியாம். அதனாலதான்."

அந்தக் கார் அவளுக்கு விளைந்தது. நிலம் சூளைக்குப் போகவில்லை. இன்னும் ஒரு போகம் பார்க்கலாம் என்று சொந்தக்காரர் விட்டுவைத்தார். இதற்குத் துரைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால், முருகேசு, தாராளமாகச் சொல். ஆனால் துரை கொண்டுவந்த சிமெண்டு அவள் ஊரை எட்டவில்லை. சங்கத்தில் அவளுக்கு நாற்காலி கிடையாது. மூட்டையாக வந்த கோலப்பொடியும் தலைமடை வாசல்களில்தான் மார்கழி முழுக்கப் பூத்தது. அவளைக் காப்பாற்றியது அவர் அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான். அதை ஒரு வேலை என்று அவர் நினைக்கவே இல்லை. அதனால்தான் அதை முதலில் நிறுத்தினார்.

செல்வி, நீ சொன்ன குழப்பம் அதற்குப் பிறகு வந்தது. என்னிடம் இருந்த கைப்பிடிகளைச் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். சங்கம் என்றால் அண்ணாச்சி வீட்டு மாட்டுத்தொழுவம். கைப்பிடி இல்லாத லஸ்கர் கரையில் காற்று வாங்குகிறவன். அதுவரை இரண்டு ஊரும் சேர்ந்து என்னைத் திட்டும். அதில் ஓர் ஒற்றுமை இருந்தது. இப்போது ஓர் ஊர் மற்ற ஊரைத் திட்டியது. கடைமடைப் பெண்களைத் தலைமடையில் நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். தலைமடைக்காரர்களுக்குக் கடைமடைக் களத்தில் இடம் இல்லை என்றார்கள்.

பிசானம் வந்தது. நாற்று நட்டாயிற்று. கடைமடை முறை வந்தும் தண்ணீர் வரவில்லை. இசக்கியம்மாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தாள். சபாபதி சார் ஜன்னலைப் பார்த்தார்.

"இப்ப எல்லாம் சங்கம்மா. மக்களே நிர்வாகம் பண்ணுதாங்க. நல்ல திட்டம்லா?"

"அப்ப நாங்க யாரு சார்?"

"நீங்களும் மக்கள்தான். போய் மக்கள்ட்ட கேளுங்க."

அவள் படியிறங்கினாள். நேரே தலைமடைக்கு நடந்தாள். மற்றப் பெண்கள் பின்னாலேயே போனார்கள். காற்று வாங்குகிற வேலைதானே என்று நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

முதல் ஷட்டருக்கு எதிரே கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூச்சல் இல்லை, வசவு இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆட்கள் கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார்கள்.

"என்ன தாயி, இங்கன வந்து உக்காந்திருக்கிய?"

"சும்மா பாத்துக்கிட்டு இருக்கோம் அண்ணாச்சி. துரை உக்காந்து பாத்தாரு, தண்ணி வந்துது. அவரு பாத்தா என்ன, நாங்க பாத்தா என்ன?"

"அவரு அளவுக்கல்லுல்லா பாத்தாரு."

"நாங்க ஒங்களப் பாக்கோம்."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார், மறுபடி கட்டினார். சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏ லஸ்கரு, தொழுவத்துல கைப்பிடி கெடக்கு. எடுத்துட்டு வாரும்."

எடுத்து வந்தேன். சுற்றினேன். இரும்புப் பலகை கிரீச்சிட்டுக்கொண்டு இறங்கித் தரையைத் தொட்டது. தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுக் கீழே போகத் தொடங்கியது.

"அதான் மூடியாச்சுல்லா, எந்திரிச்சுப் போங்க" என்றார் அண்ணாச்சி.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.